சீட்டுக்குக் காசில்லை, பேருந்துக்கு? தருமபுரி நகரப் பேருந்துகளில் முதியோர் பயணம்: ஒரு மதிப்புரை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதியோருக்கென்று தனியான கட்டணமில்லாப் பேருந்துத் திட்டம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே அறுபது வயதைக் கடந்த ஒருவர் காசு கொடுக்காமல் அரசுப் பேருந்தில் போகிறார் என்றால், அவர் பெண்ணாக இருப்பார். இல்லையேல் மாற்றுத்திறனாளி, திருநங்கை, விடுதலைப் போராட்ட வீரர், தமிழறிஞர் என்று அரசு வகுத்திருக்கும் சிறு பட்டியல் ஒன்றில் இடம்பெற்றவராக இருப்பார். வயது மட்டும் இங்கே எவருக்கும் சீட்டு வாங்கித் தருவதில்லை. எனவே நான் இங்கு மதிப்பிடுவது, 2021 மே 8 முதல் நடைமுறையில் உள்ள மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை, அதாவது இப்போது 'விடியல் பயணம்' என்று அழைக்கப்படும் சேவையை, முதியவர்களின் பக்கத்திலிருந்து பார்த்த பார்வையில்தான். என் பெற்றோர் இருவரும் பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறார்கள். இருவருமே அறுபதைக் கடந்து பல ஆண்டுகள் ஆனவர்கள். மருத்துவமனை, வங்கி, உறவினர் வீட்டு விசேஷம் என்று அவர்களோடு நானும் இந்தப் பேருந்துகளில் அடிக்கடி போய்வருகிறேன்.

சேவையின் மிகப் பெரிய சிறப்பு, அதற்கு விண்ணப்பம் எதுவும் இல்லாததுதான். புகைப்படம் ஒட்ட வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. ஆதார் நகல் எடுக்கக் கடை தேடி அலைய வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறி இறங்கும் இடத்தைச் சொன்னால், நடத்துநர் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். அரசு நலத்திட்டம் ஒன்றின் பயன் கேட்ட மாத்திரத்தில், கேட்ட இடத்திலேயே கைக்கு வந்து சேர்வது நம் ஊரில் அரிது. இதன் அருமை சென்னையின் முறையோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கே 2016 பிப்ரவரியில், ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, மாநகரப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளில் அறுபது வயது நிறைந்த ஆண், பெண் இருபாலருக்கும் மாதம் 10 டோக்கன் தரும் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம்தான். ஆனால் வயதுக்கும் இருப்பிடத்துக்கும் சான்று காட்டி அடையாள அட்டை பெற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணிமனையிலோ பேருந்து நிலையத்திலோ வரிசையில் நின்று டோக்கன்களை வாங்கிக்கொள்ள வேண்டும். மாதத்தின் பதினோராவது பயணத்துக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அது சென்னையோடு நின்றுபோயிற்று. எங்கள் மாவட்டங்களில் அதன் நிழல்கூட விழவில்லை.

கட்டணமில்லாப் பயணத்தால் ஒரு மூதாட்டியின் வாழ்க்கையில் என்ன மாறியது என்பதை ரூபாய்க் கணக்கில் மட்டும் சொல்லிவிட முடியாது என்றாலும், ரூபாய்க் கணக்கே போதுமான அளவு அழுத்தமானது. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வு, இத்திட்டத்தால் பெண் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டது. முதியோர் உதவித்தொகை 2023-இல்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. தினமும் வேலைக்குப் போகிற பெண்ணின் அளவுக்கு மூதாட்டி ஒருவர் பயணிக்க மாட்டார் என்பதால் அவருக்கு மிச்சமாகும் தொகை 888-ஐ விடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் 1,200 ரூபாயில் மாதத்தை ஓட்டுகிற ஒருவருக்கு, மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு அந்தத் தொகையிலிருந்து பிடித்தம் ஆகாமல் இருப்பதே பெரிய விஷயம். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாசலுக்கு வந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் கண்புரைக்கும், எலும்பு முறிவுக்கும், ஸ்கேனுக்கும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கிருஷ்ணகிரி என்றால் போலுப்பள்ளிக்கோதான் போக வேண்டியிருக்கிறது. என் தாயார் முன்பெல்லாம் கால்வலி முற்றிய பிறகே மருத்துவரைப் பார்க்கப் புறப்படுவார். பேருந்துச் செலவை எண்ணிப் பார்த்துத் தள்ளிப்போடும் அந்தப் பழக்கம் இப்போது அவரிடம் இல்லை. யாரிடமும் காசு கேட்க வேண்டாம் என்பதும், மகனிடமோ மருமகளிடமோ காரணம் சொல்ல வேண்டாம் என்பதும் அதில் அடக்கம். நான் மகன் என்ற முறையில் இதைச் சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

இனி அதன் எல்லைகள். எங்கள் மாவட்டங்களில் நகரப் பேருந்து என்பது பெயருக்குத்தான் நகரத்தைச் சேர்ந்தது. அது பெரும்பாலும் கிராமத்துக்கும் தாலுகா தலைநகருக்கும் இடையே ஓடுகிற பேருந்து. அந்த அளவுக்குச் சேவை வாய்த்திருப்பது நல்லூழ். ஆனால் அந்த வட்டத்தைத் தாண்டியதும் இலவசம் நின்றுவிடுகிறது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கோ, ஊத்தங்கரையிலிருந்து ஓசூருக்கோ போகிற புறநகர்ப் பேருந்தில் மூதாட்டிக்கும் முழுக் கட்டணம். தனியார் பேருந்துகளிலும் மினி பஸ்களிலும் சலுகை இல்லை. எங்கள் பகுதியில் எத்தனையோ கிராமங்களை முக்கியச் சாலையோடு இணைப்பவை அவைதாம் என்பது இங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். இரயிலைத் துணைக்கு அழைக்கலாம் என்றால், கிருஷ்ணகிரி நகருக்கு மாவட்டத் தலைநகராக இருந்தும் இரயில் நிலையமே இல்லை. தருமபுரிக்கு நிலையம் உண்டு. ஆனால் இரயில்வே அறுபது வயது ஆண்களுக்கு 40 விழுக்காடும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்களுக்கு 50 விழுக்காடும் தந்துகொண்டிருந்த சலுகை, 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டு, அப்படியே காணாமல் போயிற்று. தொற்று போனது, சலுகை திரும்பவில்லை.

பேருந்தினுள்ளே கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் இத்திட்டத்தின் கோணல் தெளிவாகத் தெரிகிறது. "பெரியவரே, அம்மாவுக்குக் காசு இல்லைங்க, உங்களுக்கு மட்டும் குடுங்க" என்று நடத்துநர் மரியாதையாகத்தான் கேட்கிறார். என் தந்தையார் சட்டைப்பையைத் தடவிச் சில்லறை எடுக்கிறார். இருவரும் ஒரே வயலில் உழைத்தவர்கள். இருவருக்கும் இன்று வருமானம் இல்லை. பெண்களுக்குத் தந்ததை நான் குறை கூறவில்லை; வீட்டிலே காசைக் கையாளும் உரிமை பெரும்பாலும் ஆணிடமே இருந்த நிலையில், பெண்ணிலிருந்து தொடங்கியது சரியான தொடக்கம். ஆனால் எழுபது வயதில் கூலி வேலைக்குப் போக முடியாத ஆணிடம் அந்த உரிமை என்ன மிச்சமிருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, அவர்களில் ஆண்கள் ஏறத்தாழப் பாதி. அத்தனை பேரும் நாள்தோறும் பேருந்தில் ஏறப்போவதில்லை. மாற்றுத்திறனாளிக்குத் துணையாக வருபவர் ஒருவருக்கும் கட்டணம் வேண்டாம் என்று பெருந்தன்மையோடு வகுத்த அரசு, மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் எழுபது வயதுக் கணவரை எண்ணிப் பார்க்கவில்லை.

பக்கத்து மாநிலங்கள் வயதுக்கு ஏதோ ஒன்றைச் செய்திருக்கின்றன. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால், கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் மாநிலத்தின் மூத்த குடிமக்களுக்கு 25 விழுக்காடு கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறது. 2023 ஜூன் முதல் பெண்களுக்குச் 'சக்தி' திட்டமும் அங்கு உண்டு. மகாராட்டிரம் 2022 ஆகஸ்டிலிருந்து எழுபத்தைந்து வயது கடந்தவர்களை, ஆணா பெண்ணா என்று பாராமல், அரசுப் பேருந்தில் கட்டணமின்றி ஏற்றிக்கொள்கிறது.

இந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ, இதற்குப் பணம் எங்கிருந்து எப்படி வருகிறது என்பதுதான் சேவையின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்று தோன்றுகிறது. சீட்டுக்குக் கொடுக்காத காசை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுப்பது மாநில அரசு. விடியல் பயணத்துக்காகப் போக்குவரத்துக் கழகங்களுக்கு வழங்க நிதிநிலை அறிக்கையில் 2023-24-இல் 2,800 கோடியும், 2024-25-இல் 3,050 கோடியும், 2025-26-இல் 3,600 கோடியும் ஒதுக்கப்பட்டன. மாணவர்களின் இலவசப் பயண அட்டைக்கான ஈட்டுத்தொகையும் டீசல் மானியமும் தனி. நடத்துநர் கிழித்துத் தரும் கட்டணமில்லாச் சீட்டுகள்தாம் இத்தனை பேர் பயணித்தார்கள் என்பதற்கான சான்று. அந்தக் கணக்கின் அடிப்படையிலேயே கழகங்கள் அரசிடம் ஈடு கேட்கின்றன.

கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடாகத் தெரிகிறது. சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, பேருந்துக் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். அதற்குப் பிறகு டீசலும், உதிரி பாகங்களும், ஊதியமும் உயர்ந்த அளவுக்குக் கட்டணம் உயரவில்லை. அது ஏழைகளுக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டணம் செலவை ஈடுகட்டாத நிலையில், அந்தக் கட்டணத்தையே அளவுகோலாக வைத்து ஈடு கொடுத்தால், இலவசப் பயணி ஏறினாலும் காசு கொடுத்த பயணி ஏறினாலும் கழகத்துக்கு நட்டம்தான். ஓய்வுபெற்ற ஊழியர்களின் பணப்பலன்கள் நிலுவையில் கிடந்து போராட்டம் வரை போன கதையெல்லாம் இதன் மறுமுனைதான். இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. சீட்டை எண்ணிப் பணம் கொடுக்கும் முறையில், வராத பேருந்துக்குக் கணக்கே இல்லை. நடை ரத்தானால் சீட்டும் இல்லை, ஈடும் இல்லை. மரத்தடியில் காத்திருந்து திரும்பிப்போன மூதாட்டி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பணம் கொடுக்கிறவருக்கு அன்று செலவு குறைகிறது. ஓட்டுகிறவருக்கு டீசல் மிச்சமாகிறது. நட்டம் காத்திருந்தவருக்கு மட்டும். நான் பயணிக்கும் தடம் ஒன்றில், நண்பகல் நடை வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. காரணம் கேட்டால் ஆள் இல்லை என்பார்கள், வண்டி பழுது என்பார்கள். ஊர்க்காரர்கள் அதை இப்போது வானிலை மாதிரி எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

இதை யாரிடம் முறையிடுவது என்று பார்த்தால், பணம் தருகிறவர் நம் மாவட்டத்திலேயே இல்லை என்பது புரிகிறது. ஒரு காலத்தில் தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு எம்.ஜி.ஆரின் தாயார் பெயரில் அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் இயங்கியது. 1997-இல் பெயர்கள் மாற்றப்பட்டு, பின்னர் சேலத்தோடு இணைக்கப்பட்டு, இன்று தருமபுரி என்பது சேலம் கோட்டத்துக் கழகத்தின் ஒரு மண்டலம். பணம் சென்னையில் ஒதுக்கப்பட்டுச் சேலத்துக்கு வந்து, அங்கிருந்து இங்கே பேருந்தாக உருமாறுகிறது. ஊராட்சி ஒன்றியத்துக்கோ நகராட்சிக்கோ இதில் ஒரு பைசா பங்கும் இல்லை, பேசும் இடமும் இல்லை.

இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிரான ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்வது பயனுடையது. அங்கே 2008 ஏப்ரல் 1 முதல், குறிப்பிட்ட வயதை (தொடக்கத்தில் அறுபது, இப்போது அரசு ஓய்வூதிய வயது) அடைந்த எவரும், ஆணும் பெண்ணும், நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கலாம். வார நாட்களில் காலை 9.30 முதல் இரவு 11 மணி வரை. வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் நாள் முழுவதும். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் நெரிசல் தீர்ந்த பிறகு காலியாக ஓடும் இருக்கைகளில் முதியவர்களை அமர்த்துவதே நேரக் கட்டுப்பாட்டின் நோக்கம். பேருந்துகளை ஓட்டுபவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். அவற்றுக்கு ஈடு கொடுக்க வேண்டியவை உள்ளாட்சி மன்றங்கள். கொடுக்கும் முறைதான் கவனிக்கத்தக்கது: இத்திட்டத்தால் நிறுவனம் இலாபமும் அடையக்கூடாது, நட்டமும் அடையக்கூடாது என்பது அங்கே சட்டத்தின் கோட்பாடு. எனவே முழுக் கட்டணத்தை அப்படியே எண்ணிக் கொடுப்பதில்லை. கட்டணம் இருந்திருந்தாலும் வந்திருக்கக்கூடிய பயணங்கள் எத்தனை, இலவசம் என்பதால் மட்டுமே கூடுதலாக வந்தவை எத்தனை என்று மதிப்பிடுகிறார்கள். முதல் வகைக்கு இழந்த கட்டணத்தையும், இரண்டாம் வகைக்கு அந்தக் கூட்டத்தை ஏற்றிச்செல்ல ஆன கூடுதல் செலவையும் தருகிறார்கள். காலியாக ஓடும் பேருந்தில் கூடுதலாக ஒரு மூதாட்டி உட்கார்ந்தால் செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை என்பதை அந்தக் கணக்கு ஒப்புக்கொள்கிறது. நம் ஊரில் இலவசத்தின் செலவைப் பற்றி நடக்கும் சத்தமான விவாதங்களில் இந்தச் சின்ன உண்மை காதில் விழுவதே இல்லை.

அங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. முதியோருக்கான இலவசம் உள்ளாட்சி மன்றங்களின் சட்டக் கடமை. ஆனால் இலாபமில்லாத கிராமத் தடங்களுக்கு மானியம் கொடுத்துப் பேருந்து ஓட்டுவது அவற்றின் விருப்பம். நிதி நெருக்கடி வந்தபோது மன்றங்கள் கடமையை விட முடியாமல் விருப்பத்தை வெட்டின. பல கிராமங்களில் முதியவர்களின் கையில் அட்டை இருந்தது. ஏறப் பேருந்து இல்லை. அரூர் வட்டத்து மலையடிவாரக் கிராமத்தில் நிற்கும் ஒருவருக்கு இந்தக் கதையைப் புரியவைக்க விளக்கமே தேவைப்படாது.

எனவே எனக்குத் தோன்றுவது இதுதான். அறுபது வயது கடந்த ஆண்களுக்கும் நகரப் பேருந்தில் கட்டணம் வேண்டாம் என்று அரசு அறிவிக்கலாம். செலவைக் கண்டு தயங்கினால், காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்றரை வரை என்று முதலில் வரையறுக்கலாம். பள்ளி மாணவர்கள் படிக்கட்டில் தொங்காத அந்நேரத்தில் எங்கள் தடங்களில் பாதி இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. டோக்கன் எல்லாம் வேண்டாம். ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு இருக்கிறது, அதைக் காட்டினால் போதும். அதைவிட முக்கியமாக, கழகங்களுக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியையாவது சீட்டின் எண்ணிக்கைக்குப் பதிலாக, கால அட்டவணைப்படி உண்மையில் ஓடிய கிலோமீட்டருக்குத் தர வேண்டும். நண்பகல் நடையை நிறுத்தினால் பணம் குறையும் என்ற நிலை வந்தால்தான், அந்த நடை நிற்காமல் ஓடுவதற்கு ஒருவருக்குக் காரணம் இருக்கும்.

வண்டியைப் பற்றியும் இரண்டு சொல் சொல்ல வேண்டும். தாழ்தளப் பேருந்துகளை எல்லாம் நாங்கள் படத்தில்தான் பார்க்கிறோம். எங்கள் நகரப் பேருந்துகளின் முதல் படி, முழங்கால் தேய்ந்தவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நிறுத்தத்தில் திண்ணை போல் மேடு இருந்தால் ஏறிவிடலாம், இல்லாவிட்டால் யாராவது கை கொடுக்க வேண்டும். கை கொடுக்க ஆள் எப்போதும் கிடைத்துவிடுகிறார் என்பது ஆறுதல். மூத்த குடிமக்களுக்கென எழுதப்பட்ட இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பும் துணிவு எல்லா முதியவர்களுக்கும் உண்டா என்பது வேறு. நடத்துநர்களில் பெரும்பாலோர் பண்பாகவே நடந்துகொள்கிறார்கள். 'ஓசிப் பயணம்' என்று முணுமுணுக்கிற ஒருவரையும், பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தைக் கடந்து வண்டியை ஓட்டிப்போகச் செய்த ஒருவரையும் சந்தித்திருக்கிறேன். பணம் அரசிடமிருந்து வருகிறது, உங்கள் சட்டைப்பையிலிருந்து அல்ல என்று அன்றே என் தாயார் கேட்டுவிட்டார். நான்தான் அவரை அடக்கினேன்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஒரு மூதாட்டிக்கு, தன் தாலுகாவுக்குள் பயணிக்க, ஐந்துக்கு நான்கு தருவேன், குறைத்த அந்த ஒன்று வராத நடைக்கும் உயரமான படிக்கும். முதியவர் ஒருவருக்கு, மனைவியோடு போகும்போதும் சரி, தனியாகப் போகும்போதும் சரி, மதிப்பெண் போட இங்கே சேவையே இல்லை.

புதிதாகப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் ஆட்சியர் அலுவலகம் போகிற பேருந்துகளில் கூட்டம் நெரியும். மருத்துவமனை வேலையைச் செவ்வாய்க்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே தடத்தில் நகரப் பேருந்தும் புறநகர்ப் பேருந்தும் மாறி மாறி வரும் ஊர்களில், முன்கண்ணாடியில் மகளிர் கட்டணமில்லாப் பயணம் என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்து, எழுத்து தெரியவில்லை என்றால் நடத்துநரைக் கேட்டு, அதன் பிறகே ஏறவும். காசில்லாச் சீட்டுதானே என்று வாங்காமல் உட்கார்ந்துவிட வேண்டாம். பரிசோதகர் வந்தால் சிக்கல் என்பது ஒருபுறம். அந்தத் துண்டுச் சீட்டு கிழிக்கப்படாவிட்டால், உங்கள் ஊரில் நீங்கள் ஏறியதற்குக் கணக்கு இல்லை, அந்த நடையைத் தொடர்ந்து ஓட்டுவதற்கு ஆதாரமும் இல்லை.